வாசல் முள் அத்தியாயம்

மேடம்,

பேசாமல் இருந்தது போதும். நீங்கள் இருந்தபோதே பேசியிருக்கலாமே என்று யாராவது கேட்டால், அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இன்று காலை மாடி வராந்தா முழுவதும் எனாமல் பெயிண்ட் வாசனை. நாம் இருவரும் வகுப்பு எடுத்த அறையின் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஒரு பெயிண்டர் உங்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால் கோடு போட்டு, எழுத்துகளின் எலும்பை மட்டும் வரைந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“சார், மேடம் பேருக்கு முன்னாடி பேராசிரியர் போடுறதா, முனைவர் போடுறதா? ரெண்டும் போட்டா எழுத்து குட்டியாய்டும்.”

“மேடத்தையே கேளுங்க.”

“அவங்கதான் இல்லியே சார்.”

“இருந்திருந்தா உங்க கையில இருக்கிற பிரஷ்ஷைப் புடுங்கிக் கீழ வீசியிருப்பாங்க.”

அவர் பாவம், நான் ஏதோ துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். துக்கம் இல்லை மேடம். எரிச்சல். என் அறைக்கு வந்து உட்கார்ந்தும் அந்த வாசனை விடவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கடைசியில் இந்தத் தாளை எடுத்தேன்.

உங்களுக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் அறை இனிமேல் வகுப்பறை இல்லை. அது பல்துறை நிலைத்தன்மை ஆய்வு மையம். உங்கள் பெயரில். மாணவர்கள் கிச்சடி கிளாஸ் என்று கேலி செய்த நம் வகுப்புக்கு, பூச்சி அரித்த இரண்டு பெஞ்சைத் தவிர எதையும் தராதவர்கள், இப்போது குளிர்சாதனம் வைத்துத் திறக்கப் போகிறார்கள். திறப்பு விழா அன்று ஒரு நினைவு மலர் வருகிறது. அதில் நம்முடைய கல்வராயன் மலை அறிக்கையை மறுபதிப்புச் செய்கிறார்கள். யார் பெயரும் இல்லாமல் அட்டை போட்டு வைத்தோமே, அதே அறிக்கை. இந்த முறை ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் எழுதியவர் பெயர் வரும்.

துறைத் தலைவர் போன வாரம் ஃபோன் செய்தார். உங்களுக்குப் பிறகு வந்தவர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

“சார், உங்களோட பழைய குறை தீரப் போவுது. மண் அத்தியாயத்துக்கு உங்க பேரு. முள் அத்தியாயம் மேடம் பேருல. விழாவுல அதைத்தான் மேடையில வாசிக்கிறோம். நீங்க சரின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க.”

“முள் அத்தியாயம் மேடம் எழுதுனதுன்னு யார் சொன்னது?”

“இன்னா சார் இது? அது பொம்பளைங்க, கூலி, ஊரை வுட்டு வேலைக்குப் போறதைப் பத்தினது. மேடத்தோட சப்ஜெக்ட். மண்ணு உங்க சப்ஜெக்ட். இதுல சந்தேகத்துக்கு எங்க சார் எடம்?”

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவர்மேல் தப்பில்லை. நம் வகுப்பில் படிக்காத எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். நம் வகுப்பில் படித்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே மண் படித்தவன் மண்ணைப் பற்றி எழுதக்கூடாது.

அந்த விதி உங்களுடையது. மறந்திருக்க மாட்டீர்கள். முதல் ஆண்டு, பல துறைகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அவரவர் பாடத்தை அவரவர் எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். நீங்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டீர்கள். “இது ஒரு வூடா? நாலு கடை. ஒவ்வொருத்தன் ஒரு ஷட்டரைத் தூக்கிக்கினு ஒக்காந்திருக்கான்” என்றீர்கள். அன்றைக்கே விதி வந்தது. மண் படித்தவன் கூலியை எழுத வேண்டும். கூலி படித்தவள் மண்ணை எழுத வேண்டும். அந்தப் பாடம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தலாம், பேனாவைத் தொடக்கூடாது. “தெரிஞ்சதை எழுதுனா சொல்லிக்கினே போவீங்க. தெரியாததை எழுதுனாதான் போய் நாலு பேரைக் கேப்பீங்க.” பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மலைக்குப் போனபோது அது ஆசிரியர்களுக்கும் சேர்த்து என்றீர்கள்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டுவிட்டு மலை ஏறினால், வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். வெள்ளிமலையில் இறங்கி, நாம் ஆய்வுக்கு எடுத்த மேட்டு ஊருக்கு நடப்போம். நமக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். ஊருக்குக் கீழே சரிவில் இருந்த ஊற்று ஏன் கோடை தொடங்கும் முன்பே வற்றுகிறது? முன்பெல்லாம் வற்றியதில்லை என்றார்கள். சாமை விதைத்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், வந்துவிட்டது, கிழங்கைப் பிடுங்கும்போது மண் பிளந்து கிடக்கிறது, மழை அள்ளிக்கொண்டு போகிறது, நீர் இறங்கத் தரை இல்லை. எனக்கு அது ஒரு பக்கத்தில் முடிகிற விஷயம். ஆனால் எழுத வேண்டியது நீங்கள்.

நீங்கள் மண் மாதிரி எடுக்கும் துருவியைப் பிடித்துத் தரையில் இறக்கிய அழகை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் குத்துவதுபோல் குத்தினீர்கள். நான் சிரித்ததற்கு, “சிரிக்காதீங்க சார். உங்க களமருதூரு வயலு எனக்குத் தெரியும். அதுல பாதி நெல்லு எங்கம்மா நட்டது” என்றீர்கள். பிள்ளைகள் எதிரில். உங்கள் ஊர் திருநாவலூர், என் ஊர் களமருதூர். ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியவர்கள் நாம். நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று இரவுச் சாப்பாட்டில் நான் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. இது போன்ற கணக்கை நான் மறப்பதில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் மண் அத்தியாயத்தின் முதல் வரைவில், கிழங்கு பிடுங்கிய பிறகு மண் கிளம்பிப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

“மண் கிளம்பாது மேடம். அரிக்கப்படும்.”

“யாரு சார் அரிக்கிறது?”

“மழை.”

“சாமை போட்டப்பவும் அதே மழைதானே பெஞ்சுது? கெழங்கு போட்டுப் பத்து வருசம் ஆன பின்னாடியும் ஊத்து இருந்துதுன்றாங்க. அப்போ ஏன் மண்ணு போவல?”

என் பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. எரிச்சலோடு எழுந்து ஊருக்குள் நடந்தேன். தை முடிந்து மாசி. தெருவில் பாதி வீடுகளின் வாசலில் முள் கிளை செங்குத்தாக நின்றது. பூட்டு இல்லை. குடும்பத்தோடு எஸ்டேட் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஆடு உள்ளே போகாமல் இருக்க வாசலில் முள்ளை நிறுத்திவிட்டுப் போவார்கள். முள் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். முள் வீடுகளையும் சரிவில் இருந்த நிலங்களையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தேன். எந்த வீட்டில் முள் நின்றதோ அந்த வீட்டு நிலத்தில்தான் கல் வரப்பு சரிந்து கிடந்தது. சரிந்த கல்லை எடுத்து அடுக்க ஆள் இல்லை. கோடை மழை வரும்போது ஊரில் கை இல்லை. சாமைக்குக் களை எடுக்க வேண்டும், குருவி விரட்ட வேண்டும், அதற்கு ஆள் இருக்க வேண்டும். கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். அதனால்தான் கிழங்கு. வற்றியது ஊற்று மட்டும் இல்லை.

மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னேன். நீங்கள் துருவியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தீர்கள். “எழுதுங்க சார், சூடு ஆறதுக்குள்ள” என்றீர்கள்.

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அது ஒன்றுதான் எழுத்து. மற்றதெல்லாம் பட்டியல். “இந்த ஊரின் வறட்சியை நான் முதலில் பார்த்தது மண்ணில் இல்லை, வாசலில் நின்ற முள்ளில்” என்று அது தொடங்குகிறது. வரைவைப் பார்த்து நீங்கள் சொன்னது ஒரே வார்த்தைதான்: “அழாம எழுதுங்க.” எங்கெல்லாம் நான் அழுதிருக்கிறேன் என்று விரலால் தொட்டுக் காட்டினீர்கள். பேனாவைத் தொடவில்லை. அந்த வரிகளை நான்தான் அடித்தேன்.

இதுவரை எனக்கு உங்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. குறை, பலாமரத்தடியில் தொடங்குகிறது.

நாம் கண்டதை ஊர் கூடிய இடத்தில் வாசித்தோம். ஊரார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப்பொண்ணு என்கிற அம்மாள் எழுந்து நின்றார். எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவர், வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும்.

“எழுதுறது எழுதுங்க. ஆனா எந்த வூட்டுக்காரன் எந்த சரிவை ஒழுதான்னு பேரு வந்துச்சின்னா, நாளைக்கு ஃபாரஸ்ட்டுக்காரன் எவனாச்சும் கேஸ் எழுதிக்கினு வருவான். அப்போ நீங்களா வந்து நிப்பீங்க?”

“உங்க பேரு எதுவும் வராதும்மா” என்றீர்கள்.

“ஆங், எங்க பேரு வராது. உங்க பேரு மட்டும் அட்டையில கொட்டை எழுத்துல வரும்.”

ஊர் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “எங்க பேரும் வராது. உங்க பேரு இல்லாத பொஸ்தகத்துல எங்க பேரு எதுக்கு?”

கை தட்டினார்கள். ஒருவர் பலாச்சுளை கொண்டுவந்து நீட்டினார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன், மேடம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் அப்போது பேராசிரியர். ஏற வேண்டிய படியெல்லாம் ஏறிவிட்டவர். எனக்கு இன்னும் படி பாக்கி இருந்தது. உங்கள் பெயரை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். என் பெயரை நீங்கள் எப்படி விட்டுக்கொடுத்தீர்கள்?

பதவி உயர்வுக் குழு என்னை என்ன கேட்டது என்று உங்களுக்கு அப்போது முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, “நல்ல வேலை. இதுல உங்க பங்கு எது?” என்றார். வாசல் முள் அத்தியாயம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க மண்ணியல். அது சமூகவியல் மாதிரி இருக்கே?” இன்னொருவர் சிரிப்பை அடக்க இருமினார். விதியைச் சொன்னேன். மாற்றி எழுதுவோம் என்றேன். சொல்லும்போதே எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அப்படியானால் உடன் எழுதியவரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

கேன்டீனில் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தேன். உங்கள் டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“நாலு வரி போதும் மேடம். அந்த அத்தியாயம் இவர் எழுதினதுன்னு.”

“முடியாது சார்.”

“ஊருக்கு யார் சொல்லப் போறா? இது குழுவுக்கு மட்டும்.”

“குழுவுல ஒருத்தருக்குத் தெரிஞ்சா, ஒலகத்துக்கே தெரியும். அங்க நான் வாக்குக் குடுத்துட்டேன்.”

“எனக்கு யார் வாக்குக் குடுத்தாங்க?”

நீங்கள் டம்ளரை ஓரமாக நகர்த்தினீர்கள். “உங்களுக்கு வேற வழி கிடைக்கும் சார். அவங்களுக்குக் கிடைக்காது” என்றீர்கள். அதை நீங்கள் எந்த அர்த்தத்தில் சொன்னாலும், எனக்குக் கேட்டது வேறு. களமருதூரில் வயல் இருக்கிறவனுக்கு எதற்குப் பதவி உயர்வு என்றுதான் கேட்டது. எழுந்து வந்துவிட்டேன். பதவி உயர்வு அந்த முறையும் இல்லை, அடுத்த முறையும் இல்லை. என்னிடம் படித்தவர்கள் எனக்கு மேலே போனார்கள்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் வகுப்பு நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது, வந்த வேகத்தில் கசந்தும் போகிறது. ஒரே அறை, ஒரே மேசை, நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் பிள்ளைகளிடம், “வரப்பு சரிஞ்சது மழைக்கு முன்னாடியா பின்னாடியான்னு மேடத்துகிட்ட கேளுங்க” என்பேன். நீங்கள் அதே பிள்ளையிடம், “மண் சாராண்ட சொல்லு, வரப்பு மழையைப் பாத்து சரியல, ஆளைப் பாத்து சரிஞ்சுது” என்பீர்கள். “அதை நான்தான் மேடத்துக்கு முதல்ல சொன்னேன்னு சொல்லு.” “தெரியும்னு சொல்லு.” நடுவில் நிற்கிற பிள்ளை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலித்துப் போகும். புருஷன் பொண்டாட்டி கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவன் முணுமுணுத்தது இருவர் காதிலும் விழுந்தது. நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் நீங்கள் முள் அத்தியாயத்தை வகுப்பில் வாசிப்பீர்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு வாசிப்பீர்கள். யார் எழுதியது மேடம் என்று புதுப்பிள்ளை யாராவது கேட்கும். “முள்ளு வெச்சவங்க” என்பீர்கள். என் பக்கம் பார்க்க மாட்டீர்கள். ஜன்னலைப் பார்ப்பீர்கள். அந்தப் பதிலுக்காகவே உங்களைத் திட்டிக்கொண்டு வீடு திரும்புவேன். ஆனாலும் அந்த ஒரு நாளில் நான் விடுப்பு எடுத்ததே இல்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போனபோது வகுப்பை நான் தனியாக எடுத்தேன். இருவர் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருந்தது. “மேடத்துகிட்ட கேளுங்க” என்று வாய் தானாக வரும், பிள்ளைகள் காலி நாற்காலியைப் பார்ப்பார்கள். அந்த ஆண்டு முள் அத்தியாயத்தை நான் வாசிக்கவில்லை. என்னால் அதை வாசிக்க முடியாது. அது உங்கள் குரலில் இருக்கிறது.

திருநாவலூருக்கு வந்திருந்தேன். நீங்கள் பார்த்திருக்க முடியாது. உங்கள் தெருக்காரர்கள் பறை அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். பல்கலைக்கழகத்து ஆட்கள் மாலையை வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் ஊர்க்கோடிவரை வந்து, கடைசியில் ஒரு பிடி மண் எடுத்தேன். போடுவதற்கு முன் பழக்க தோஷத்தில் அதை விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது, கொஞ்சம் வண்டல், நல்ல மண். பக்கத்தில் இருந்த பெரியவர், “இன்னா சார் பாக்குறீங்க, போடுங்க” என்றார். போட்டேன்.

துறைத் தலைவரின் ஃபோனுக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டது கைக்கு வந்துவிட்டது. என் பெயர் அச்சில். ஆனால் தப்பான அத்தியாயத்தின் கீழ். என் எழுத்து மேடையில். ஆனால் உங்கள் பெயரில். சரி, மாற்றிப் போடச் சொல்லலாம், சாட்சிக்குப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தடுப்பது ஒன்றுதான், நீங்கள் கொடுத்த வாக்கு. அதை உங்களிடம் கேட்க முடியாது. வாங்கியவர்களிடம் கேட்கலாம் என்று பஸ் ஏறினேன்.

கள்ளக்குறிச்சியில் கரும்பு டிராக்டர்கள் வழி விடாமல் பஸ் ஊர்ந்தது. வெள்ளிமலையில் இறங்கினால் செல்ஃபோன் கடை, பரோட்டா கடை. மேட்டு ஊருக்கு இப்போது தார் ரோடு. சின்னப்பொண்ணு அம்மாள் தலை நரைத்து, பல் இரண்டு போய், வாய் மட்டும் அப்படியே இருக்கிறார்.

“இன்னா சார், ஒத்தையா வந்துக்கினு இருக்கீங்க? மேடத்தை எங்க வுட்டீங்க?”

சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். அறிக்கை, பெயர், அன்றைக்குக் கொடுத்த வாக்கு. அவருக்கு நினைவு வரவே நேரம் ஆனது.

“அதுவா? அதான் பட்டா குடுத்துட்டாங்களே சார். இப்போ எவன் கேஸ் எழுதிக்கினு வருவான்? போட்டுக்குங்க பேரை.”

“மேடம் வேண்டாம்னு சொன்னாங்க.”

“அது அப்போ. பயந்துக்கினு கெடந்தோம்.” என் முகத்தையே பார்த்தார். “ஏன் சார், மொகம் ஒரு மாதிரி போவுது?”

அந்த விஷயத்தில்தான் எங்களுக்குப் பேச்சு நின்றது என்றேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். நிறைய என்றேன்.

“அய்ய! நாங்க மறந்து எந்தக் காலம் ஆவுது! அதுக்காடா சார் ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினு இருந்தீங்க?”

எனக்கு ‘டா’ போட்டது அவருக்கே தெரியவில்லை. நான் எழுந்துகொண்டேன். திண்டாட்டமாக இருந்தது. வாக்கு வாங்கியவர்களே அதை எப்போதோ கீழே போட்டுவிட்டார்கள். நாம் இருவர் மட்டும், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

தெருமுனைவரை கூடவே வந்தார். இரண்டு வீட்டு வாசலில் முள் நின்றது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னும் போறாங்க சார். இப்போ கொஞ்சம் கம்மி” என்றார். பஸ் வரும்போது முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பேரு போடுறதுன்னா எங்களதையும் போடு சார். அந்த வருசம் முள்ளு வெச்சுட்டுப் போன வூடு அத்தினி பேரும். நான் சொல்றேன், எழுதிக்க. ஒருத்தரு பேரு வுட்டாலும் சண்டைக்கு வருவேன்.”

ஊர் திரும்பியதும், முள் வைத்த வீட்டுக்காரர்கள் பெயரையும் போட வேண்டும் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் மலரின் பக்கங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், அதெல்லாம் எடம் பத்தாது. ‘ஒத்துழைத்த மலைவாழ் மக்களுக்கு நன்றி’ன்னு ஒரு வரி போட்டுடலாம். நீங்க கையெழுத்தைப் போடுங்க. அத்தியாயம் மாறிப் போச்சுன்னு தோணுச்சின்னா மாத்திக்கலாம். எனக்கு எதுன்னாலும் சரி.”

எதுவானாலும் சரி என்கிறார். இத்தனை ஆண்டு என் தூக்கத்தைத் தின்றது அவருக்கு எதுவானாலும் சரி.

இனி உங்கள் வாக்கு என்னைக் கட்டாது. அதை அவிழ்த்துவிட்டார்கள். முள் அத்தியாயம் என்னுடையது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரமே அச்சாகிவிடும். மேடையில் என் பெயரைச் சொல்லித்தான் வாசிப்பார்கள். ஓய்வு பெறும் முன்பு ஒரு முறையாவது. பேனா கையில் இருக்கிறது. காலையிலிருந்து அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பெயிண்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். உங்கள் பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும் நீலமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

போய்ப் பார்த்தேன். அதன் கீழே என் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் கீழே சின்னப்பொண்ணு என்று எழுதிப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னும் எத்தனையோ. சுவர் போதவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டிருக்க வேண்டும். பலாமரத்தடியில் ஒரு முறை என் பக்கம் திரும்பி, சரியா சார் என்று கேட்டிருந்தால், நானே சரி என்றிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. இப்போது நான் எடுக்கிற முடிவு உங்கள் வாக்குக்காக இல்லை. இது நானே, என்னையே கேட்டு எடுத்தது. அவர்கள் எல்லாரும் வருவதானால் நானும் வருகிறேன். நன்றி என்று ஒரு வரியில் அவர்களை நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய் உட்கார முடியாது. துறைத் தலைவர் அனுப்பிய சம்மதத் தாள் குப்பைக் கூடையில் இருக்கிறது.

அதற்குப் பதிலாக இந்த மடலை மலர்க் குழுவுக்கு அனுப்புகிறேன். அச்சிட்டால் அச்சிடட்டும். எந்த அத்தியாயத்தை யார் எழுதியது என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்கிறீர்களா? தெரியட்டும். மாறி எழுதிய இரண்டு பேர் இருந்தார்கள் என்று தெரியும். பெயரைத் தேடினால் கிடைக்காது.

உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். பாசம் என்று சொல்ல வரவில்லை. எந்தத் தாளை எடுத்தாலும், அழாம எழுதுங்க என்று ஒரு விரல் வந்து வரியின்மேல் நிற்கிறது. இந்த மடலிலும் சில இடங்களில் நின்றது. அந்த வரிகளை அடித்துவிட்டேன். உங்கள் விதிப்படிதான் எழுதியிருக்கிறேன், மேடம். ஆட்களைப் பற்றி எழுதுவது மண் படித்தவன் வேலை, எழுதிவிட்டேன். மண்ணைப் பார்த்துக்கொள்வது உங்கள் பங்கு. திருநாவலூர் மண் நல்ல மண், நான் தேய்த்துப் பார்த்தேன்.

கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் அப்படியே இருக்கட்டும். தபால் பெட்டி கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. பெயிண்டர் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் போட்டுவிட்டு வருகிறேன்.